ஒன்பது அங்குலம்

திசையன்விளையில் மோட்டார் வைண்டிங் கடை எனக்கு.
வீடு கடைக்குப் பின்னால், தேரியைப் பார்த்த சந்து.
எனக்கும் செல்வினுக்கும் நடுவில்
ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்,
உச்சியில் அவன் பதித்த கண்ணாடிச் சில்லு.
போன ஆவணியில் இந்தப் பக்கம் நின்று
ஒரு வார்த்தை கேட்டதற்கு
"எங்க வீட்டு வெவகாரம் வே,
நீரு வெலகும்" என்றான்.

விலகுவது எனக்குப் பழக்கம்.
பட்டாளத்தில் பதினேழு வருசம், அதில் பத்து மாதம்
நீலத் தொப்பி போட்டு, பெயர் சொல்ல விரும்பாத ஒரு நாட்டில்.
அங்கேயும் மண் தேரி மாதிரியே சிவப்பு,
பூட்ஸைத் தட்டினால் ஊர் உதிரும்.
முள்கம்பி வேலி. வேலிக்கு அப்பால் ஒரு சந்தை.
உத்தரவு மூன்றே சொல்: பார், எழுது, அனுப்பு.
எழுதினேன்.
பதினாலு இருபது, புகை.
பதினாலு ஐம்பத்தைந்து, புகை குறைந்தது.
ஏன் குறைந்தது என்று எழுத
அந்தத் தாளில் கட்டம் இல்லை.

மகளின் சமூக அறிவியல் புத்தகத்தில்தான்
அதற்குத் தமிழில் ஒரு பெயர் இருப்பது தெரிந்தது:
இறையாண்மை.
அவள் பரீட்சைக்கு உருப்போட்டாள்.
நான் சொல்லைப் பிரித்துப் பார்த்தேன்,
எரிந்துபோன காயிலைப் பிரிக்கிற மாதிரி.
பின்பாதியில் ஆண்மை இருந்தது,
கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு.

சந்து சும்மா இருந்தது என்று சொல்ல மாட்டேன்.
உபதேசியார் ஜெபக் குறிப்பில் சேர்த்தார்.
எஸ்தர் டீச்சர் பிள்ளைக்குப் பால்மாவு கொடுத்துவிட்டாள்,
பாதிப் பொட்டலம் செல்வினின் தாயார் வீட்டுக்குப் போனது.
டீக்கடையில் மூன்று சாயங்காலம் வன்மையாகக் கண்டித்தோம்.
மில்டன் அண்ணாச்சி மட்டும் தலையை ஆட்டினார், குறுக்காக.
செல்வினுக்குப் பெரியப்பா மகன்,
சந்தில் பாதிப் பேருக்கு வட்டிக்குக் கொடுத்தவர்.
அந்தத் தலை குறுக்காக ஆடினால் போதும்.
டீக்காசு கொடுத்துவிட்டு எழுந்தோம்.

பூட்டுக்கும் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லணும்.
இதே அண்ணாச்சிதான் முன்பு ஒரு தடவை
அலறினவளைக் காப்பாற்றப் போகிறேன் என்று
தவசிக்கனி வீட்டுக் கதவை ஆள்வைத்து உடைத்தார்.
காப்பாற்றவும் செய்தார், பொய் சொல்லக் கூடாது.
அவர்கள் முருங்கைத் தோட்டம் இன்றைக்கு அவர் பேரில்.
அந்த நாட்டிலும் பெரிய விமானத்தில் வந்தவர்கள்
கோதுமையை இறக்கிய கையோடு கேட்டது,
சுரங்கத்துக்கு எது பாதை.
ஆகவே கதவை உடைக்கிறவனைப் பார்த்தாலும் எனக்குப் பயம்,
கையைக் கட்டி நிற்கிறவனைப் பார்த்தாலும் பயம்.
இரண்டாமவன் நான்.

இன்றைக்கு ராத்திரி பதினொன்று நாற்பது, சத்தம்.
பழக்க தோசம், கண் கடிகாரத்துக்குத்தான் போனது.
பதினொன்று ஐம்பது, சத்தம் குறைந்தது.

குறைந்தது என்ற சொல்லைத் தாண்ட முடியவில்லை.
கரண்டு இல்லை. தூரத்தில் காற்றாலைகளின் சிவப்பு விளக்கு
ஒன்றாக அணைந்து ஒன்றாக எரிந்தது.
ஏணி இல்லை, உத்தரவு இல்லை,
பழைய மோட்டார் பெட்டி ஒன்று கிடந்தது.
ஏறினேன்.
கண்ணாடிச் சில்லின் மேல்
நாலாக மடித்த ஒரு சேலை.
எத்தனை நாளாய்ப் போட்டுவைத்திருந்தாளோ.
அதன் மேல் இரண்டு கை, கையில் பிள்ளை.
ஜெபராணி ஒன்றும் கேட்கவில்லை.
வாங்கினேன். ஒன்பது மாசக் கனம்.
அவளுக்கு நான் கை நீட்டுமுன் கரண்டு வந்தது,
உள்ளேயிருந்து அவன் பேர் சொல்லிக் கூப்பிட்டான்,
போனாள்.

இப்போது தட்டுவது என் கதவை.
செல்வின், பின்னால் அண்ணாச்சி, பின்னால் சந்து முழுக்க.
"எம் பிள்ளையக் கொடும் வே."
பிள்ளை என் சட்டைப் பொத்தானைப் பிடித்திருக்கிறது.
தாழ்ப்பாளை அழுத்திக்கொண்டு சொல்கிறேன்,
என் வாயில் வரும் என்று
ஒருநாளும் நினைத்ததில்லை:
"எங்க வீட்டு வெவகாரம் வே,
நீரு வெலகும்."

சுவருக்கு அந்தப் பக்கம்
சத்தமே இல்லை.
மணி பார்க்க
எனக்கு ஒரு கை மிச்சமில்லை.